எலுமிச்சைச் சாற்றில் மீன் வேகுமா?

பெரு நாட்டில் பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் போட்டு, அடுப்பே மூட்டாமல் "வெந்துவிட்டது" என்று சாப்பிடுகிறார்களே, அது உண்மையில் வேகிறதா, அதை நம் வீட்டில் செய்யலாமா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். செவிச்சே என்ற அந்த உணவின் காணொளியைப் பார்த்ததிலிருந்து அவருக்கு இந்தச் சந்தேகம்.

தலைநகர் லிமாவில் இதற்குக் கத்தாளை இனத்து மீனையோ நாக்கு மீனையோ விரும்பி எடுப்பார்கள். தோலும் முள்ளும் நீக்கிச் சிறு துண்டுகளாக்கி, உப்புப் பிசறி, மெல்லியதாக அரிந்த சிவப்பு வெங்காயம், மிளகாய், கொத்தமல்லித்தழையுடன் எலுமிச்சை பிழிவார்கள். கூடவே அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும், முத்துப் பெருத்த சோளமும். அங்கே பிழிவது நம் காய்கறிக்கடையில் கிடைக்கும் அதே சிறு பழம்தான். ஆசியாவிலிருந்து கிளம்பி, ஸ்பானியர்களின் கப்பலில் பெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. 2023-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் செவிச்சேயைச் சேர்த்தது.

மீன் தசையில் முக்கியமான புரதம் மயோசின். அமினோ அமிலச் சங்கிலி மடிந்து, நீரை வெறுக்கும் பகுதிகளை உள்ளே ஒளித்துவைத்திருக்கும் என்பது பள்ளிப்பாடம். அடுப்பில் வைத்தால் வெப்பம் அந்த மடிப்புகளை உலுக்கிப் பிரிக்கிறது. மீனின் மயோசினுக்கு 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இது தொடங்கிவிடும்.

எலுமிச்சை வேறு வழியில் நுழைகிறது. புளிப்பு ஏற ஏறக் குறையும் அளவான பி.எச். எலுமிச்சைக்கு 2 முதல் 2.5 வரை, மீன் சதைக்கு 6-க்கு மேல். சாற்றிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் புரதத்தின் எதிர்மின் இடங்களில் போய் ஒட்டி அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. மிஞ்சுவது நேர்மின்னூட்டம் மட்டுமே. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ள, மடிப்பு அவிழ்கிறது. ஒளிந்திருந்த பகுதிகள் வெளியே வருகின்றன.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அவிழ்ந்த புரதங்கள் எல்லாமே நேர்மின்னூட்டம் கொண்டவை என்றால், அவை விலகித்தானே நிற்க வேண்டும்? உப்பில்லாத கடும் புளிப்பில் அப்படித்தான் ஆகும். இழைகள் விலகி, இடைவெளியில் நீரை இழுத்து, சதை உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். உப்பு இருந்தால் கதை மாறுகிறது. அதன் குளோரைடு அயனிகள் நேர்மின் இடங்களைச் சூழ்ந்து மறைத்துவிடுகின்றன. தள்ளுவிசை தணிந்ததும் பக்கத்துப் புரதங்கள் நெருங்கி, நீரை வெறுக்கும் பகுதிகளால் ஒன்றையொன்று பற்றி வலையாகப் பின்னிக்கொள்கின்றன. சதை இறுகுகிறது. சாறு பிழியும் முன் உப்புப் பிசறும் கைக்கு ருசி மட்டுமே நோக்கமாக இருக்கலாம். பாதி வேதியியலை அந்த உப்புதான் முடித்துத் தருகிறது.

வெண்மையும் அந்த வலையிலிருந்தே வருகிறது. பச்சைச் சதையில் ஒளி ஓரளவு ஊடுருவுவதால் அது கண்ணாடிபோல் மின்னும். புரதம் திரண்டு கட்டியானதும் எல்லா நிற ஒளியும் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போதும் இதே கதைதான்.

பத்து நிமிடம் ஊறிய துண்டை நடுவில் வெட்டிப் பாருங்கள். ஓரத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு வெள்ளைக் கரை, உள்ளே பச்சை மீனின் பளபளப்பு. அமிலம் ஊடுருவ வேண்டிய ஆழம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும் என்பது பரவலின் விதி. பழைய முறையில் மீனை மணிக்கணக்கில் ஊறப்போடுவார்கள். துண்டு முழுதும் இறுகி வறண்டுபோகும். 1899-லிருந்து பெருவில் குடியேறிய ஜப்பானியர்களின் வழிவந்தவர்கள், பச்சை மீனுக்குப் பழகிய நாக்கோடு, அதைச் சில நிமிடங்களாகக் குறைத்தார்கள். என் ஓட்டு அவர்களுக்கே.

பாத்திரத்தில் மிஞ்சும் வெண்சாற்றைப் புலிப்பால் என்பார்கள். அது கலங்கலாக இருப்பதற்கு மீனிலிருந்து கசிந்து திரண்ட புரதமும் ஒரு காரணம். லிமாவின் சில உணவகங்கள் அதில் நிஜப் பாலையே சுண்டவைத்துச் சேர்க்கின்றன. மீனும் பாலும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்று பயமுறுத்துபவர்கள் கவனிக்க: நோய்த்தடுப்பு மண்டலம் உடலின் நிறமிச் செல்களையே தாக்குவதால் வருவது அது. தட்டில் இருப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

எலுமிச்சையை வாசலில் கட்டித் திருஷ்டி கழிக்கிறோம். அந்த அதிகாரத்தைக் கிருமிகள் வரைக்கும் நீட்டிவிடக் கூடாது. கடல்மீனில் இருக்கக்கூடிய அனிசாகிஸ் என்ற புழுவின் இளம்பருவம் மனித இரைப்பையின் அமிலத்தையே தாங்கி, அதன் சுவரைத் துளைக்கக்கூடியது. சில நிமிடச் சாறு அதை என்ன செய்துவிடும்? பச்சையாக உண்ணும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் உறையவைத்து 15 மணி நேரம் வைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். மின்வெட்டுக்கு நடுவே ஓடும் வீட்டுக் குளிர்பெட்டியை நம்பி இதில் இறங்க முடியாது. உறைநிலை புழுவைக் கொல்லுமே தவிர, பாக்டீரியாக்களை ஒழிக்காது. சூரை, கானாங்கெளுத்தி போன்றவை வெயிலில் கிடந்தால் உருவாகும் ஹிஸ்டமைன் என்ற நச்சோ அமிலத்துக்கும் அசையாது, கொதிக்கவைத்தாலும் போகாது.

நம் கரையில் பிடிபடும் எந்த மீனில் எந்தப் புழு, எந்தப் பருவத்தில் என்று ஆண்டுதோறும் கணக்கெடுப்பது கவர்ச்சியில்லாத வேலை. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டல் இதற்குக் கிடைக்காது. ஆனாலும் ஆராய்ச்சிப் பணத்தைப் பங்கிடும் பொறுப்பு என்னிடம் வந்தால் முதல் காசோலை இதற்குத்தான்.

வாசகிக்கு என் யோசனை, பெருவை விட்டு வடக்கே ஈக்வடாருக்குப் போவது. அங்கே இறால் செவிச்சேக்கு இறாலை முதலில் வேகவைத்துவிடுவார்கள். உரித்துக் குடல் நீக்கிய இறாலை உப்புப் போட்டுக் கொதிக்கும் நீரில் இட்டு, உள்வரை வெளுத்து இறுகியதும் எடுத்துப் பனிக்கட்டி நீரில் போடுங்கள். ஆறியபின் எலுமிச்சையுடன் கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு, தக்காளி, வெங்காயம், கொத்தமல்லித்தழை. வேகவைக்கும் வேலையை வெப்பம் முடித்துவிட்டதால் சாறு இங்கே புளிப்புக்கு மட்டுமே. ஊறும் நேரத்தை நாக்கே முடிவு செய்யலாம். சோளப்பொரியைத் தொட்டுக்கொள்வது அந்த ஊர் வழக்கம், நன்றாகவே பொருந்துகிறது.