கொதிக்க வைத்தால் ஈயம் சாகாது

இரண்டு மாதங்களில் நான்காவது தடவையாக ஒருவர் வாளி நிறைய மட்டியுடன் எங்கள் ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார். இம்முறை வந்தவர் மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையைச் சேர்ந்த வயதான ஓர் அம்மா. முகத்துவாரத்துக்கு அண்மையில், படகு திருத்தும் இடமொன்றின் பழைய கட்டைகளிலிருந்து அவற்றைப் பிடுங்கியதாகவும், அங்குதான் மட்டி கொழுத்துக் கிடப்பதாகவும் சொன்னார். பேரப்பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்ட பிறகே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. இடத்தைக் கேட்டவுடனே, படகுத்துறையின் உலோகக் கழிவு இதில் சேர்ந்திருக்கும், சாப்பிட வேண்டாம் என்றேன். "நல்லா அவிச்சித்தானே புள்ள தின்னுறம், பிறகென்ன?" என்று அவர் திருப்பிக் கேட்டார். முன்னர் வந்த மூவரும் ஏறத்தாழ இதையேதான் கேட்டார்கள், அவர்களுள் ஒருவர் படித்த உத்தியோகத்தர்.

ஆகவே இதை ஒருமுறை விரிவாக எழுதிவிடுகிறேன். கொதிநீர் கிருமியைக் கொல்லும். கிருமி உயிருள்ளது, சூட்டில் அதன் உடல் சிதைகிறது. ஈயம், கட்மியம், பாதரசம், செம்பு ஆகிய உலோகங்கள் தனிமங்கள். அவற்றுக்கு உயிருமில்லை, அடுப்பின் சூட்டில் சிதைவதற்கு உடலுமில்லை. மட்டியை ஒரு மணி நேரம் அவித்தாலும் அதிலிருந்த கட்மியம் கட்மியமாகவே இருக்கும். உண்மையில் நிலைமை இன்னும் மோசமானது. அவிக்கும்போது தசையிலுள்ள நீர் வெளியேறி மட்டி சுருங்குவதால், எஞ்சும் ஒவ்வொரு கிராம் சதையிலும் உலோகத்தின் அளவு முன்னிலும் கூடிவிடுகிறது. சதையை விட்டு வெளியேறும் சிறு பங்கும் எங்கே போகிறது? சொதிக்குள் போகிறது, சொதியைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறோம். புளி விட்டால் நஞ்சு முறியும், மஞ்சள் போட்டால் முறியும், இரவு முழுக்க உப்புத்தண்ணீரில் போட்டால் கக்கிவிடும் என்றெல்லாம் சொல்வார்கள். உப்புத்தண்ணீரில் மட்டி கக்குவது மணலையும், வயிற்றிலிருக்கும் கிருமிகளில் ஒரு பகுதியையும்தான். இழையங்களுக்குள் புரதத்தோடு பிணைந்துவிட்ட கட்மியம் ஓர் இரவில் வெளியேறாது, சுத்தமான நீரில் வைத்திருந்தாலும் அது குறையப் பல வாரங்கள், சில வேளை மாதங்கள் செல்லும். மனித சிறுநீரகத்தில் சேர்ந்துவிட்டாலோ அது பாதியாகக் குறைவதற்கே பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். கரும்பச்சையாக இருக்கும் குடற்பகுதியை அகற்றினால் ஓரளவு குறையும் என்பது சரி. ஓரளவுதான்.

அந்தப் பேரப்பிள்ளையின் வயிற்றோட்டம் பெரும்பாலும் கிருமியால் வந்ததாகவே இருக்கும், உலோகம் அப்படி மறுநாளே அறிவித்துக்கொண்டு வருவதில்லை. மக்கள் அஞ்ச வேண்டியதை விட்டுவிட்டு வேறெதற்கோ அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது நம்பிக்கை, "உயிரோடுதானே இருக்கிறது" என்பது. மட்டி ஒரு மணி நேரத்தில் லீற்றர் கணக்கில் நீரை வடிகட்டி உண்ணும் பிராணி, அந்த நீரில் உள்ளவை அதன் உடலில் சேரும். மீனின் ஈரல் எண்ணெய்க் கழிவின் நச்சுக்களைச் சிதைத்துப் பித்தத்தோடு வெளியேற்ற வல்லது. மட்டிக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு என்பதால், டீசலிலும் கழிவு ஓயிலிலும் உள்ள நச்சுக்கள் அதன் உடலில் எளிதில் தீராத கடனாகத் தங்கிவிடுகின்றன. உலோகங்களையோ அது தனிப் புரதமொன்றால் கட்டி ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடர்ந்து வாழ்கிறது. கடல் மாசைக் கண்காணிக்க மட்டிகளையே பயன்படுத்தலாம் என்று அமெரிக்கக் கடல் இரசாயனவியலாளர் எட்வர்ட் கோல்ட்பேர்க் 1975இல் முன்மொழிந்ததும், அமெரிக்கா 1986 முதல் தன் கரையோரமெங்கும் அதை நடைமுறைப்படுத்தி வருவதும், மட்டி நஞ்சைச் சுமந்துகொண்டு சாகாமல் ஓரிடத்தில் ஒட்டிக்கிடக்கும் பிராணி என்பதனால்தான். நாங்கள் அளவுகோலாக எடுத்துக்கொள்வதை நீங்கள் கறியாக்குகிறீர்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னபோது சிரித்தார்.

மட்டிக்கும் இது இலவசமாகக் கிடைப்பதில்லை. கட்டையில் பிடித்திருக்க அது சுரக்கும் நார்கள் குறைகின்றன, செம்பை உணர்ந்தால் ஓட்டை மூடிக்கொண்டு பட்டினி கிடக்கிறது, குஞ்சுகளின் நிலை எல்லாவற்றிலும் கொடியது. நீல மட்டியின் கருக்கள் லீற்றருக்குப் பத்து மைக்கிரோகிராமுக்கும் குறைந்த செம்பிலேயே உருக்குலைந்து போவது ஆய்வுகூடங்களில் தெரிந்த செய்தி. அந்தச் செம்பு எங்கிருந்து வருகிறது என்றால், படகின் அடியில் மட்டியும் பாசியும் ஒட்டாதிருப்பதற்கென்றே பூசப்படும் வர்ணத்திலிருந்துதான் பெருமளவு வருகிறது. முன்னர் அந்த வர்ணத்தில் ஆர்கனோடின் என்னும் வெள்ளீயச் சேர்மம் இருந்தது. பிரான்சின் ஆர்க்கஷோன் குடாவில் சிப்பிகளின் ஓடு தடித்து, இனப்பெருக்கம் குலைந்து, தொழிலே ஆட்டங்கண்ட பிறகு அந்நாடு 1982இல் சிறு படகுகளுக்கு அதைத் தடைசெய்தது. உலகளாவிய தடை உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய வர்ணத்தைச் சுரண்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய கணக்கு மீண்டும் நீருக்குள் விழக்கூடும். மட்டியைக் கொல்வதற்கென்று செய்த பூச்சு உதிரும் இடத்தில் நின்றுகொண்டு மட்டி பொறுக்குவதை நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது!

எங்கள் வாவியின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த நீர்நிலை பாலமீன்மடுப் பக்கமும் கல்லாற்றுப் பக்கமும் கடலோடு கலக்கிறது. கோடையில் மணல்மேடு வாயை அடைத்துவிட்டால் உள்ளே வந்தது உள்ளேயே கிடக்கும். பெரும்போகத்தில் மேற்குப் பக்கமான படுவான்கரை வயல்களுக்கு அடிக்கும் மருந்தும், நகரத்துக் கான்களும் இதற்குள்தான் வடிகின்றன.

இனிச் செய்ய வேண்டியவை. படகுத்துறை, எரிபொருள் நிரப்பும் இடம், வாகனத் திருத்தகம், கான் வாய் ஆகியவற்றுக்கு அருகில் மட்டி எடுக்காதீர்கள், பெருமழைக்குப் பின் சில நாட்களுக்கு எங்குமே எடுக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் சந்தேகமான இடத்து மட்டியைக் கொடுக்கவே கூடாது. மருந்தடிக்கும் மெசினை வாய்க்காலில் கழுவுகிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள், வயல் வரம்பிலேயே கழுவலாம். பழைய பற்றரியை வாவியில் எறிகிறவரிடம் எனக்குத் தயவு கேட்கும் பொறுமை இல்லை.

வர்ணம் சுரண்டுகிறவர்கள் படகைக் கரையேற்றி, கீழே படங்கொன்றை விரித்து, விழுந்ததைச் சாக்கில் கட்டி வையுங்கள் என்பதையும் நான் அந்த அம்மாவிடம் சொன்னேன். அந்தத் துறையில் சுரண்டும் வேலை செய்வது தன் மூத்த மகன்தான் என்று அப்போதுதான் சொன்னார். படங்குக்குக் காசு முதலாளி தருவாரா என்று கேட்டார், வாளியைக் கையில் எடுத்துக்கொண்டே.