வேர்முடிச்சுக்குள் ஏன் இந்தச் சிவப்பு?

பூக்கும் பருவத்தில் இருக்கும் ஒரு தட்டைப்பயறுச் செடியை மண்ணோடு பெயர்த்தெடுத்து, வேரைத் தண்ணீரில் மெல்ல அலசிப் பாருங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் பார்க்க வேண்டியது மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். வேர் நெடுக மிளகு போலச் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருக்கும். இவைதான் வேர்முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே சிவப்பு. செடிக்கு ஏது ரத்தம் என்று தோன்றும். அந்த நிறத்தைத் தருவது நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதமேதான்.

அது அங்கே எதற்கு? காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். இருந்தும் செடிகள் தழைச்சத்துக்கு ஏங்குகின்றன. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் முப்பிணைப்பால் இறுகிக் கிடப்பதுதான் காரணம். உரத் தொழிற்சாலையில் அதைப் பிரித்து அம்மோனியா ஆக்க 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா அதே வேலையை மண்ணின் சூட்டிலேயே முடிக்கிறது. கருவி, நைட்ரஜனேஸ் என்ற நொதி. செலவு மட்டும் குறைவில்லை: ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏடிபி (செல்கள் ஆற்றலுக்காகச் செலவிடும் மூலக்கூறு).

இங்கேதான் ஒரு சிக்கல். ஆக்சிஜன் பட்டால் நைட்ரஜனேஸ் கெட்டுவிடும். ஆனால் அத்தனை ஏடிபி தயாரிக்க பாக்டீரியா சுவாசித்தாக வேண்டும். அதற்கு ஆக்சிஜன் தேவை. இருந்தாலும் ஆபத்து, இல்லாவிட்டாலும் ஆபத்து. செடி இதைத் தீர்த்திருக்கும் விதம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். முடிச்சின் வெளிப்பகுதி ஆக்சிஜனை எளிதில் உள்ளே விடாது. நுழைந்த கொஞ்சத்தையும் லெக்ஹீமோகுளோபின் என்ற அந்தச் சிவப்புப் புரதம் பற்றிக்கொண்டு, பாக்டீரியாவிடம் அளந்து சேர்க்கிறது. சுவாசம் தடைபடாது, நொதியைத் தாக்க ஆக்சிஜன் தனியாகச் சுற்றவும் செய்யாது.

சரி, பாக்டீரியா உள்ளே வந்தது எப்படி? வேர் ஃபிளேவனாய்டு என்ற பொருளைக் கசியவிடுகிறது. பொருத்தமான ரைசோபியம் அதை உணர்ந்து பதில் சமிக்ஞை அனுப்புகிறது. உடனே வேர்த்தூவி கொக்கிபோல வளைந்து பாக்டீரியாவை மடக்கிக்கொள்கிறது. அங்கிருந்து உள்நோக்கி ஒரு மெல்லிய குழாய் வளர்கிறது, அதன் வழியே பாக்டீரியா வேரின் செல்களுக்குள் போய்ச் சேர்கிறது. நிலக்கடலை போன்ற சில செடிகள் தனி ரகம்: அவற்றில் பக்கவேர் வெடித்து வரும் இடத்து விரிசலே வாசல்.

உள்ளே வந்தவர்களுக்குச் சாப்பாடு செடியின் பொறுப்பு. ஒளிச்சேர்க்கையில் கிடைத்த கார்பனில் ஒரு பங்கு மாலேட் என்ற கார்பன் சேர்மமாக இங்கே வருகிறது. அதற்காக யாருக்கும் சும்மா படியளப்பதில்லை. 2003-ல் வெளியான ஒரு சோயா ஆய்வில், சில முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். வேலை செய்ய வழியில்லாமல் போன அந்த முடிச்சுகளில் பாக்டீரியாவின் பெருக்கம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. செடி அங்கே ஆக்சிஜன் வரத்தைக் குறைத்திருந்தது. மண்ணிலேயே நைட்ரேட் வடிவில் தழைச்சத்து தாராளமாக இருந்தால், செடி இந்தச் செலவில் இறங்கவே யோசிக்கும், முடிச்சுகள் குறைந்துவிடும்.

காய் முற்றும் சமயத்தில் கிள்ளிப் பார்த்தால் சிவப்பு இருக்காது, பச்சையோ பழுப்போ ஓடியிருக்கும். லெக்ஹீமோகுளோபின் சிதைந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் முடிச்சு அழுகி, பாக்டீரியா மண்ணுக்குத் திரும்பும். பட்டாணியில் அந்த வாய்ப்பு எல்லோருக்கும் இல்லை. அங்கே நைட்ரஜன் வேலைக்கு இறங்கிய பாக்டீரியாவைச் செடி பருக்கவைத்து உருமாற்றி, இனிப் பிளவுபட முடியாதபடி செய்துவிடுகிறது. மண்ணுக்குத் திரும்பிப் பெருகுவது, உருமாறாமல் ஒதுங்கி நின்றவை மட்டுமே.