ஒரு ஹைஃபன், இரண்டு திருத்தங்கள்

இணைய முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி, அதை ஒட்டி '-எஸ்'. அவ்வளவுதான். சில சர்வர்களில் பக்கம் வரவேண்டிய இடத்தில் அதன் மூலநிரலே வந்து விழுந்தது. தரவுத்தளக் கடவுச்சொல் அதற்குள் எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். இணையதளங்களை எழுதப் பயன்படும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் 2012 மே மாதம் வெளியே தெரிந்த ஓட்டை இது. குறைந்தது 8 வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

காரணம் சிஜிஐ என்ற பழைய முறை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் பிஎச்பியைத் தனி நிரலாக ஓட்டும். கேள்விக்குறிக்குப் பின்னால் சமக்குறி இல்லையென்றால், அங்கே இருப்பதைக் கட்டளை வரியில், அதாவது நிரலைத் தொடங்கும்போது கூடவே தரும் கட்டளைகளாக, கொடுத்துவிடும். ஹைஃபனில் தொடங்கும் எதையும் பிஎச்பி தனக்கு இட்ட கட்டளையாக எடுத்துக்கொள்ளும். '-எஸ்' என்றால் மூலநிரலைக் காட்டு. '-டி' என்றால் அமைப்பை மாற்று. வில்லங்கம் இந்த '-டி'யில்தான். பக்கம் ஓடுவதற்கு முன் வேறொரு நிரலை ஓட்டும்படி அமைப்பை மாற்றி, அந்த நிரலையும் கோரிக்கையோடு அனுப்பிவிடலாம். சமக்குறியை மட்டும் '%3டி' என்று வேஷம் போட்டு அனுப்ப வேண்டும்.

மே 3 அன்று வந்த திருத்தம் அரைகுறை. அடுத்த சில நாட்களில் 5.3.13, 5.4.3 பதிப்புகள் வந்தன. விதி எளிது: முன்னால் உள்ள வெற்றிடங்களைத் தள்ளு, முதல் எழுத்து ஹைஃபனா என்று பார், ஆமென்றால் கட்டளை வரியைத் தொடாதே. (ஃபேஸ்புக்கில் '?-எஸ்' போட்டுப் பார்த்தவர்களுக்கு வேலைவாய்ப்புப் பக்கத்தின் முகவரி கிடைத்தது. குறும்பு!)

அப்புறம் 2024. தைவானின் டெவ்கோர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்சு சாய் அந்த விதியைத் தாண்டும் வழியைக் கண்டுபிடித்தார். 'மென் ஹைஃபன்' என்று ஒரு எழுத்து உண்டு. வரி உடையும் இடத்தில் மட்டும் தெரியும். கணினியில் அதன் எண் 173. சாதாரண ஹைஃபனுக்கு 45. ஜப்பானிய, சீன மொழி அமைப்பில் ஓடும் விண்டோஸ், கட்டளை வரியை மாற்றித் தரும்போது தன்னிடம் பொருந்தாத எழுத்துக்குப் பதில் கிட்டத்தட்ட அதேபோன்ற ஒன்றை வைத்துவிடும். ஆக, சோதனை பார்த்தது 173. பிஎச்பி கைக்கு வந்தது 45. 2012இல் திருத்தியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பார்த்த இடத்தில் ஹைஃபன் இல்லவே இல்லையே!

ஜூன் மாதம் 8.1.29, 8.2.20, 8.3.8 பதிப்புகளில் இதை அடைத்தார்கள். முதல் எழுத்தின் எண் 128 அல்லது அதற்கு மேல் என்றால், இப்போது பிஎச்பி அதை விண்டோஸிடமே கொடுத்து மாற்றச் சொல்கிறது. வந்த விடை ஹைஃபனா என்று அப்புறம்தான் பார்க்கிறது. சர்வரையும் பிஎச்பியையும் ஒரே தொகுப்பாகத் தரும், கல்லூரி நாட்களில் நம்மில் பலர் நிறுவிப் பழகிய எக்ஸாம்ப் மென்பொருள், விண்டோஸில் பிஎச்பியின் சிஜிஐ நிரலை இணையத்துக்கு எட்டும்படி வைத்திருந்ததால், சிஜிஐ பயன்படுத்தாதவர்களும் மாட்டினார்கள்.

பிஎச்பி 8.0க்கும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் ஆதரவு காலம் முடிந்துவிட்டதால் திருத்தம் வரவில்லை. அவற்றை உடனே மாற்ற முடியாதவர்களுக்கு டெவ்கோர் சொன்ன தற்காலிக வழி, சர்வர் அமைப்பில் ஒரு விதி: கேள்விக்குறிக்குப் பின்னால் '%ஏடி' (முகவரியில் 173ஐ எழுதும் விதம்) என்று தொடங்கினால் தடு. மறுபடியும் முதல் எழுத்தைப் பார்க்கும் வேலைதான்.