மாத்திரை மாற்றியும் போகாத தொண்டை வலி

முதலாண்டு பொறியியல் படிக்கும் பெண். காய்ச்சல் தொடங்கி 11 நாள் ஆகியும் விடாததால், அப்பா விடுதிக்குப் போய் நேரே என்னிடம் அழைத்து வந்துவிட்டார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் மூன்று மருந்துச் சீட்டு, இரண்டு லேப் ரிப்போர்ட், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள். “எச்சில் முழுங்கக்கூட முடியல டாக்டர்” என்றாள். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது குரல். முந்தின நாளிலிருந்து உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு, அரிப்பு. கடைசி மருந்துச் சீட்டின் மேல் மூலையில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தது: ‘பெனிசிலின் அலர்ஜி’.

(அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு டான்சிலும் வீங்கி நடுவில் ஒன்றையொன்று தொடும் நிலையில் இருந்தன. மேலே வெள்ளைப் படலம். அண்ணத்தில் பொட்டுப் பொட்டாக இரத்தச் சிவப்பு. கண்ணிமைகள் லேசாக உப்பியிருந்தன. கழுத்தைத் தொட்டேன். முன்பக்கம் மட்டுமல்ல, காதுக்குக் கீழே பின்கழுத்துவரை இரண்டு பக்கமும் வரிசையாக நெறி கட்டியிருந்தது. அந்தப் பின்கழுத்து நெறிதான் என்னை நிறுத்தியது. சாதாரண பாக்டீரியாத் தொண்டைப் புண்ணில் நெறி பெரும்பாலும் தாடைக்குக் கீழே, முன்பக்கமாகக் கட்டும். விடுதியில் இருக்கும் 18 வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல், கடுமையான தொண்டை வலி, பின்கழுத்தில் நெறி, அடித்துப் போட்டாற்போல் அசதி என்று வந்தால், அடுத்த ஆன்டிபயாடிக்கை எழுதுவதற்கு முன் ஒரு பெயரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்ஃபெக்‌ஷியஸ் மோனோநியூக்ளியோசிஸ். சுருக்கமாக ‘மோனோ’. பழைய பெயர் சுரப்பிக் காய்ச்சல். ஜெர்மானிய மருத்துவர் எமில் ஃபைஃபர் 1889-இல் அப்படித்தான் அழைத்தார். இரத்தத்தில் விசித்திரமான வெள்ளணுக்கள் தெரிவதை வைத்து இப்போதைய பெயரை 1920-இல் ஸ்ப்ரன்ட், எவன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வைத்தார்கள். காரணமான எப்ஸ்டீன்-பார் வைரஸ் 1964-இல் வேறொரு நோயைத் தேடும்போது, ஆப்பிரிக்கக் குழந்தைகளின் புற்றுநோய்க் கட்டியில், கண்ணில் பட்டது. அதற்கும் இந்தக் காய்ச்சலுக்கும் முடிச்சு விழுந்த விதம் எனக்கு எப்போதும் வியப்பு. ஃபிலடெல்ஃபியாவில் ஹென்லே தம்பதியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண் ஒருவரின் இரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கிடையாது. அதனாலேயே அவருடைய இரத்தம் ஒப்பீட்டுக்குப் பயன்பட்டுவந்தது. 1967-இல் அவருக்கே மோனோ வந்தது. குணமானபின் பார்த்தால், அதுவரை இல்லாத எதிர்ப்பொருள் அவர் இரத்தத்தில் இருந்தது.

இந்த வைரஸை நாம் எல்லோரும் அறிவோம், பெயர் தெரியாமலே. உலகில் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் எப்போதோ ஒருமுறை இது தொற்றியிருக்கிறது. எச்சில் வழியாகப் பரவுகிறது. அம்மா ருசி பார்த்து ஊட்டிய ஸ்பூன், அண்ணன் கடித்துக் கொடுத்த மிட்டாய் என்று கூட்டமாக வாழும் வீடுகளில் மூன்று நான்கு வயதுக்குள்ளேயே வந்து, ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சலாகவோ ஒன்றும் தெரியாமலோ போய்விடும். அப்படிச் சின்ன வயதில் தப்பியவர்கள் பதின்ம வயதில் மாட்டினால்தான் இந்த முழு வேடம். வசதியான சிறு குடும்பத்தில், தனித்தட்டு தனிப்பாட்டிலோடு வளர்ந்த பிள்ளை, முதன்முறையாக விடுதியில் போய் நான்கு பேரோடு ஒரு தண்ணீர் பாட்டிலைப் பகிர்கிறது. பாட்டிலை அண்ணாந்து குடிக்கச் சொன்ன பாட்டிகள் இப்போது பக்கத்தில் இல்லை. தொற்றி நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும் என்பதால், யாரிடமிருந்து வந்தது என்று தேடிப் பயனில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ‘கிஸ்ஸிங் டிசீஸ்’ என்று ஒரு செல்லப் பெயர். நான் நோயின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்த பத்தாவது நிமிடம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அப்பா ஃபோனில் தேடிப் படித்துவிட்டார். திரும்பி உள்ளே வந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “இது எப்படி சார் வந்துச்சு?” என்றார். அவள் தலை குனிந்துகொண்டாள். 11 நாளாகக் கஞ்சிகூட இறங்காத பிள்ளைக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரிய தண்டனை! அவரை உட்காரவைத்து, அவருடைய இரத்தத்தை இப்போது சோதித்தாலும் இதே வைரஸின் தடயம் அநேகமாக இருக்கும் என்று சொன்னேன். ஒருமுறை வந்தவரின் உடலில் இது ஆயுளுக்கும் ஒளிந்திருக்கும், அவ்வப்போது எச்சிலில் வெளியேறும், எந்த நோயும் இல்லாதவரிடமிருந்தே மற்றவருக்குப் போகும் என்று விளக்கினேன். பெற்றோரே, தயவுசெய்து இந்த நோயை வைத்துப் பிள்ளைகளை விசாரிக்காதீர்கள்.

அவளுடைய லேப் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். நம் ஊரில் ஒரு வாரக் காய்ச்சல் என்றாலே டெங்கு, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் என்று பட்டியல் ஓடும். அது நியாயம்தான், அவற்றைத் தவறவிடக் கூடாது. ஆனால் அவளுக்கு டைஃபாய்டுக்கான விடால் இரத்தப் பரிசோதனை லேசாகப் பாசிட்டிவ் என்று வந்ததை நம்பி டைஃபாய்டு ஊசியும் போட்டிருந்தார்கள். டைஃபாய்டு புழங்கும் நம் ஊரில் நோயே இல்லாதவர்களுக்கும் விடால் அப்படிக் காட்டும். உண்மையான துப்பு சிபிசி (இரத்த அணுக்களின் எண்ணிக்கை) தாளிலேயே இருந்தது. மொத்த வெள்ளணு 15,200. அதில் லிம்ஃபோசைட் என்ற வகை 64 சதவீதம். டெங்குவில் ஆரம்ப நாட்களில் வெள்ளணு பொதுவாகக் குறையும். பாக்டீரியாத் தொண்டைப் புண்ணில் நியூட்ரோஃபில் என்ற வேறொரு வகை வெள்ளணு ஏறும். லிம்ஃபோசைட் பாதிக்கு மேல் ஏறிநின்றால் கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவிய ஸ்மியரைக் கண்ணால் பார்க்கச் சொல்ல வேண்டும். மெஷின் எண்ணித் தருவது போதாது.

நானும் லேபுக்குப் போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பெரிய பெரிய அணுக்கள், நீலம் படர்ந்த உடல், ஓரங்கள் பக்கத்துச் சிவப்பணுக்களைத் தழுவினாற்போல் வளைந்திருந்தன. ஏடிபிக்கல் லிம்ஃபோசைட், அதாவது வழக்கமான உருவம் மாறிய லிம்ஃபோசைட். இவை நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்தால் மோனோவின் பக்கம் தராசு நன்றாகச் சாயும். லிம்ஃபோசைட்டில் பி, டி என்று வகைகள் உண்டு. வைரஸ் குடியேறுவது பி அணுக்களில். அவற்றை அழிக்கக் கிளம்பிய டி அணுக்களின் படைதான் இப்படி உருமாறித் தெரிகிறது. இதை ‘பிளாஸ்ட்’ (முதிராத இரத்த அணு) என்று மெஷின் தவறாகக் குறித்து, இரத்தப் புற்றுநோயோ என்று ஒரு குடும்பமே இரவெல்லாம் அழுததைப் பார்த்திருக்கிறேன். அனுபவமுள்ள நோயியல் மருத்துவரின் ஐந்து நிமிடம் அந்த இரவைத் தவிர்த்திருக்கும்.

மோனோஸ்பாட் என்ற எளிய இரத்தச் சோதனை உண்டு. ஆனால் முதல் வாரத்தில் செய்தால் நான்கில் ஒருவருக்குத் தவறாக நெகட்டிவ் வரும். நான்கு வயதுக்குக் கீழ் அதை நம்பவே முடியாது. சந்தேகம் நீடித்தால் வைரஸுக்கான எதிர்ப்பொருள்களைத் தனித்தனியாகப் பார்க்கலாம். தொற்றின் தொடக்கத்தில் தோன்றும் விசிஏ ஐஜிஎம் இருந்து, தாமதமாகத் தோன்றும் ஈபிஎன்ஏ எதிர்ப்பொருள் இன்னும் வரவில்லை என்றால் புதிய தொற்று. ஐஜிஎம் இல்லாமல், நீண்ட காலம் நிற்கும் விசிஏ ஐஜிஜியும் ஈபிஎன்ஏ எதிர்ப்பொருளும் பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்துபோனது; அதைக் கையில் வைத்துக்கொண்டு பயப்பட ஒன்றுமில்லை.

மோனோ போலவே வேடம் போடும் வேறு சில நோய்களை ஒதுக்கியாக வேண்டும். சாம்பல் நிறப் படலம் டான்சிலைத் தாண்டிப் பரவி, தொட்டால் இரத்தம் கசிந்தால் அது தொண்டை அடைப்பானாக (டிஃப்தீரியா) இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. எச்ஐவி தொற்றின் முதல் சில வாரங்கள் அச்சு அசல் இப்படியே இருக்கும். அதனால் அந்தச் சோதனையை நான் தயங்காமல், காரணத்தை விளக்கி, சம்மதம் பெற்றுக் கேட்கிறேன். கர்ப்பிணியாக இருந்தால் சைட்டோமெகலோ வைரஸையும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியையும் பார்த்தே தீர வேண்டும். நெறி ஆறு வாரமாகியும் குறையவில்லை, கல் போல் இருக்கிறது, காறை எலும்புக்கு மேலே இருக்கிறது, எடை குறைகிறது, இரவில் சட்டை நனைய வியர்க்கிறது என்றால் திசுப் பரிசோதனைக்குப் போங்கள். காசநோய் நெறியாகவும் இருக்கலாம், லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஊகத்தில் ஆறு மாத டிபி மருந்தைத் தொடங்கக் கூடாது.

சரி, அந்தச் சிவப்புத் தடிப்பு? ஆறு நாளாக அவள் சாப்பிட்டது பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த அமாக்ஸிசிலின். மோனோ இருக்கும்போது அமாக்ஸிசிலினோ ஆம்பிசிலினோ கொடுத்தால் கணிசமானோருக்கு, பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டி, உடம்பில் ஆரம்பித்துக் கைகால்வரை இப்படித் தடிக்கும். மருந்தும் அந்த நேரத்தில் கொந்தளிக்கும் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து செய்யும் வேலை இது. பெரும்பாலோருக்கு நிரந்தர ஒவ்வாமை அல்ல. மருந்தை நிறுத்தினால் ஒரு வாரத்தில் மங்கிவிடும். ஆனால் மூச்சு இழுப்பு, உதடு வீக்கம், வாயில் புண், தோலில் கொப்புளம் இவற்றில் ஒன்று இருந்தாலும் கதை வேறு, உடனே மருத்துவமனை. நான் பயிற்சி முடித்து வந்த புதிதில் ஒரு மாணவனுக்கு இதே மாத்திரையை நானே எழுதினேன். கழுத்தின் பின்பக்கம் தொட்டுப் பார்க்கவில்லை. தடித்த உடம்போடு அவன் திரும்பி வந்த நாளிலிருந்து, தொண்டை வலி என்று யார் வந்தாலும் என் விரல் முதலில் பின்கழுத்துக்குத்தான் போகிறது.

இது வைரஸ். எந்த ஆன்டிபயாடிக்கும் இதைத் தொடாது. அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்தாலும் நோயாளிக்குப் பலன் கிடைப்பதில்லை. அப்படியானால் சிகிச்சை என்ன? காய்ச்சலுக்கும் வலிக்கும் அளவான பாராசிட்டமால், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பு, குழைந்த கஞ்சி, இளநீர், மோர், ஓய்வு. 18 வயதுக்குக் கீழ் ஆஸ்பிரின் வேண்டாம். கல்லீரல் என்சைம்கள் பெரும்பாலானோருக்கு ஏறியிருக்கும். சிலருக்குக் கண்ணும் மஞ்சளாகும். காமாலை என்று பச்சிலை தேடி ஓடாதீர்கள், மதுவைத் தொடாதீர்கள், கல்லீரல் தானே ஆறும். ஸ்டீராய்டு எல்லோருக்கும் அல்ல. டான்சில் வீங்கி மூச்சுப் பாதையை அடைக்கும்போது, இரத்த அணுக்கள் ஆபத்தாக உடையும்போது என்று சில நெருக்கடிகளுக்கு மட்டும். எச்சில் விழுங்க முடியாமல் வழிகிறது, மூச்சில் கரகரவென்று சத்தம், படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு விடுகிறார் என்றால் இரவு இரண்டு மணியானாலும் கிளம்புங்கள்.

எனக்கு உறக்கம் கெடுவது மண்ணீரலை நினைத்துத்தான். இடது விலாவுக்கு அடியில் ஒளிந்திருக்கும் அந்த உறுப்பு இந்த நோயில் அணுக்கள் திரண்டு வீங்கும், உறை மெலிந்து இழுபடும். கிழிவது அரிது, ஆயிரத்தில் ஒருவர் முதல் ஐவர்வரை. ஆனால் கிழிந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். பெரும்பாலும் முதல் மூன்று வாரத்துக்குள், அதாவது காய்ச்சல் விட்டு, பிள்ளை ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்று எழுந்து நடக்கும் நாட்களில். கபடி ஆடும் ஒரு தம்பி அப்படித்தான் 16-ஆம் நாள் மைதானத்துக்குப் போனான். ஒரு ரெய்டில் இடது பக்கம் முழங்கால் பட்டது. வயிற்று வலியைவிட இடது தோள்பட்டை வலிக்கிறது என்றுதான் சொன்னான். தோளில் அடியே படவில்லை. வயிற்றுக்குள் கசிந்த இரத்தம் உதரவிதானத்தைத் தொட்டதன் வலி அது. 108-இல் ஏற்றி அனுப்பினோம். அறுவை இல்லாமலே, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வாரம் கழித்துப் பிழைத்து வந்தான்.

எனவே கபடி, கால்பந்து, ஜிம்மில் எடை தூக்குவது, பள்ளம் மேடான சாலையில் பைக்கின் பின்சீட்டு எல்லாம் குறைந்தது நான்கு வாரம் கழித்துத்தான், அதுவும் மருத்துவர் பார்த்த பிறகு. மலச்சிக்கல் இருந்தால் முக்காதீர்கள், மருந்து கேளுங்கள். நம் பக்கத்தில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. பிள்ளை சாப்பிடாமல் கிடந்தால் குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றை அமுக்கி நீவுவார்கள். அன்போடு செய்வதுதான். இந்த நோயில் மட்டும் அந்தக் கையை வயிற்றில் வைக்கவே வேண்டாம். கழுத்து நெறியைப் பிசைந்து நீவுவதும் வேண்டாம்.

காய்ச்சலும் தொண்டையும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். அசதி அடங்காது. அது சிலருக்கு மாதக்கணக்கில் தொடரும். கல்லூரியில் 75 சதவீத வருகைப்பதிவு, செமஸ்டர், வீட்டில் ‘சோம்பேறித்தனம்’ என்ற பேச்சு, இவற்றுக்கு நடுவே அந்தப் பிள்ளை படும் பாடு எந்தத் தாளிலும் பதிவாவதில்லை. மருத்துவச் சான்றிதழைத் தாராளமாகக் கேட்டு வாங்குங்கள். நாள் முழுக்கப் படுத்தே கிடக்கவும் வேண்டாம். முடிந்த அளவு நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். தனிமைப்படுத்தத் தேவையில்லை. பாட்டிலையும் ஸ்பூனையும் மட்டும் பகிராமல் இருக்கட்டும்.

அந்தப் பெண் ஆறாவது வாரம் வந்தாள். நெறி கரைந்திருந்தது, கல்லீரல் சரியாகியிருந்தது, மாடி ஏறினால்தான் மூச்சு வாங்குகிறது என்றாள். அப்பா அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டியிருந்தார். அந்தச் சிவப்பு மை மட்டும் பாக்கி. அதை அப்படியே விட்டால், நாளை நிமோனியாவோ அறுவை சிகிச்சையோ வரும்போது விலை குறைந்த நல்ல மருந்துகள் பல அவளுக்கு மறுக்கப்படும். உடல் முழுக்கத் தேறியதும் ஒவ்வாமைச் சோதனை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பினேன். நான்காம் மாதம் அங்கே கண்காணிப்பில் அமாக்ஸிசிலினைச் சிறு அளவில் கொடுத்து, பிறகு முழு அளவும் கொடுத்து உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் தந்த கடிதத்தோடு வந்தவளின் பழைய ஃபைலைத் திறந்து, அந்த வரியை அடித்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.