மெர்க்குரியோ வொலாந்தே: பாதரசமா, தூதனா?

மெர்க்குரியோ வொலாந்தே: 1772 அக்டோபர் 17 அன்று மெக்சிகோ நகரில் வெளிவரத் தொடங்கிய ஸ்பானிய மொழி வார இதழ். அமெரிக்கக் கண்டத்தின் முதல் மருத்துவ இதழாக இதையே பலரும் கொள்கிறார்கள். நடத்தியவர் ஹோசே இக்னாசியோ பார்த்தோலாச்சே. குவானாஹுவாத்தோவில் பிறந்த மருத்துவர், பல்கலைக்கழகத்தில் கணிதமும் கற்பித்தவர்.

பொருள்: ஸ்பானிய மொழியில் ‘மெர்க்குரியோ’ என்றால் பாதரசம்; புதன் கோளும் அதுவே. இரண்டுக்கும் மூலம் ரோமானியரின் தூதுக் கடவுள் மெர்க்குரியுஸ். புதன்கிழமைக்கு ஸ்பானியர் சொல்லும் ‘மியேர்க்கோலெஸ்’ என்பதும் அந்தக் கடவுளின் பெயரிலிருந்து வந்ததுதான். செய்தி கொண்டுவருபவன் என்பதால் ஐரோப்பாவில் பல செய்தித்தாள்கள் இந்தப் பெயரைச் சூடிக்கொண்டன. ‘வொலாந்தே’ என்றால் பறக்கிற; கைக்குக் கை மாறும் தனித்தாளையும் அந்தச் சொல்லால் சுட்டுவார்கள். 1693-லேயே அறிஞர் சிகுவென்சா இ கோங்கோரா மெக்சிகோவில் இதே தலைப்பில் ஒரு செய்தி நூல் அச்சிட்டிருந்தார். பெயர் பார்த்தோலாச்சேக்குப் பழையது, வேலைதான் புதியது.

அந்த வேலை என்ன? மருத்துவப் படிப்பு லத்தீனில் அடைபட்டிருந்த காலத்தில், லத்தீன் தெரியாதவர்களுக்கும் இயற்பியலையும் மருத்துவத்தையும் ஸ்பானிய மொழியில் சொல்வது. வெப்பமானி, காற்றழுத்தமானி பற்றி எழுதினார். ஆனைக்கற்றாழைக் கள்ளான ‘புல்கே’யை மருந்தாகக் கொடுக்கலாமா என்று விரிவாக ஆராய்ந்தார். என்னை மிகவும் ஈர்த்தது, ‘லத்தீதோ’ பற்றிய இதழ். பெண்களுக்கு வரும் ஹிஸ்டீரியாவை மக்கள் அப்படித்தான் அழைத்தார்கள், நேர்ப்பொருள் ‘துடிப்பு’. அளவு மீறிய இனிப்பும் சாக்லேட்டும், இறுக்கமான உடை, நேரங்கெட்ட தூக்கம் என்று அன்றாடப் பழக்கங்களில் காரணம் தேடினார் பார்த்தோலாச்சே. அந்தக் காரணங்களை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆனாலும் நோயாளி தானே படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் ஒரு மருத்துவர் எழுதியது பெரிய காரியம்.

மொத்தம் 16 இதழ்கள். 1773 பிப்ரவரி 10, ஒரு புதன்கிழமை, கடைசி இதழ் வந்தது.

தமிழில்: அகராதியைப் புரட்டி ‘பறக்கும் பாதரசம்’ என்று எழுதினால் தவறு. வெப்பமானிக்குள் பாதரசம் இருக்கிறது. தலைப்பில் இருப்பவன் தூதன். ‘பறக்கும் தூதன்’ பொருளளவில் சரி என்றாலும் சிறுவர் கதைத் தலைப்பு போல ஒலிக்கிறது. ‘விரைதூதன்’ என்பதே என் பரிந்துரை. ஸ்பானியப் பெயரை ஒருமுறை தமிழ் எழுத்தில் தந்துவிட்டு, பிறகு இதையே ஆளலாம்.

இதே விதியை எல்லா இடத்திலும் பொருத்திவிட முடியாது. இதழ் நின்ற பிறகு, 1774-ல் பார்த்தோலாச்சே தாம் தயாரித்த ‘பாஸ்தில்யாஸ் மார்சியாலெஸ்’ மாத்திரைகளை அறிமுகப்படுத்தினார். அதற்கான அறிவிப்பை ஸ்பானிய மொழியோடு, பூர்வகுடிகளின் நாவாத்தல் மொழியிலும் அச்சிட்டார். ‘மார்சியால்’ என்பது போர்க்கடவுள் மார்ஸின் பெயரிலிருந்து வந்தது. ஆனால் பழைய ரசவாத மரபில் மார்ஸ் என்றால் இரும்பு. அதனால் இங்கே கடவுளை விட்டுவிட்டு உலோகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: ‘இரும்பு மாத்திரைகள்’.