டிரிக்கினோசிஸ்: தசைப்புழு நோய்

டிரிக்கினோசிஸ் என்பது சரியாக வேகாத கறி, குறிப்பாகப் பன்றி, காட்டுப்பன்றி, கரடிக் கறி வழியாக மனிதருக்கு வரும் புழு நோய். டிரிக்கினெல்லோசிஸ் என்று எழுதினாலும் இதுதான்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'திரிக்ஸ்' என்றால் மயிர். 1835-ல் லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த ஜேம்ஸ் பேஜட், பிணத்தை அறுக்கும்போது தசையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகளைக் கவனித்தார். கத்தியை மழுக்கும் அளவுக்குக் கடினமான அந்தப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்த்தால், உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு புழு. அதே ஆண்டு விலங்கியல் அறிஞர் ரிச்சர்டு ஓவன் அதற்கு 'ட்ரிக்கினா ஸ்பைராலிஸ்' என்று பெயர் வைத்தார். சுருண்ட மயிர்ப்புழு என்று பொருள். அந்தப் பெயர் ஏற்கெனவே ஓர் ஈ இனத்துக்கு இருந்ததால், 1895-ல் 'ட்ரிக்கினெல்லா' என்று மாற்றினார்கள். இது கறியிலிருந்துதான் மனிதருக்கு வருகிறது என்பது 1860-ல் உறுதியானது. டைபாய்டு என்று நினைத்திருந்த ஓர் இளம்பெண்ணின் உடலை ஜெர்மனியில் சென்கர் என்ற மருத்துவர் ஆராய்ந்தபோது, குடலில் வளர்ந்த புழுக்களும் தசையில் குஞ்சுகளும் இருந்தன. அவள் பன்றிக்கறி சாப்பிட்டிருந்தாள்.

தமிழில் இதை 'உருளைப்புழு நோய்' என்று எழுதுவது சரியல்ல. புழு அந்த இனம்தான், ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது மண்ணிலிருந்து கை வழியாகக் குழந்தைகளின் வயிற்றுக்குப் போகும் பெரிய புழு. பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுப்பது அதற்கு. நாடாப்புழுவும் வேறு, அது தட்டையானது. 'மயிர்ப்புழு' நேர் மொழிபெயர்ப்பு, ஆனால் நோயைப் பற்றி எதுவும் சொல்லாது. என் தேர்வு தசைப்புழு நோய். வந்து தங்கும் இடம் தசை, பரவுவதும் விலங்கின் தசையை நாம் தின்பதால்தான். கறியோடு போன குஞ்சுகள் குடலில் வளர்ந்து, பெண் புழு உயிருள்ள குஞ்சுகளைப் போடும். அவை ரத்தத்தில் ஏறித் தசை நாருக்குள் சுருண்டுகொள்ளும். ஆளுக்கு ஆள் ஒட்டாது.

வடசென்னையில் பெரம்பூர், வியாசர்பாடி வீடுகளில் பன்றிக்கறியைக் குக்கரில் விசில் விட்டு வேகவைத்து, அப்புறம் மிளகு போட்டு வறுக்கும் வழக்கம் இந்தப் புழுவுக்கு எமன். பயப்பட வேண்டியது, தோலும் கொழுப்புமாகப் பெரிய துண்டை நேரே தவாவில் போட்டு, வெளியே கருகி நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும்போதே எடுப்பதற்குத்தான். துண்டின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொட்டால் புழு செத்துவிடும். உப்புக்கண்டத்தை நம்ப முடியாது. உப்பும் வெயிலும் எல்லாக் குஞ்சுகளையும் கொல்வதில்லை. ஊரிலிருந்து யாராவது காட்டுப்பன்றிக் கறி கொண்டுவந்தால் இன்னும் கவனம் வேண்டும். காட்டு விலங்குகளில் வரும் சில வகைகள் ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது.

நோய் வந்தால் முதலில் வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. ஓரிரு வாரம் கழித்துக் காய்ச்சல், உடம்பெல்லாம் தசைவலி, கண் இமை வீக்கம். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளை அணு ஏறும். அல்பெண்டசோல் மாத்திரைதான் மருந்து, ஆனால் பள்ளியில் கொடுப்பதுபோல ஒரே வேளை போதாது, பல நாள் சாப்பிட வேண்டும். தசைக்குள் குடியேறுமுன் தொடங்கினால் நன்றாகக் கேட்கும். அதனால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனாலும் தெருமுனை கிளினிக்குக்குப் போனாலும், என்ன கறி, எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.