ஒயர் மாட்டாத குழாய்கள்

தாராபுரத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஏனுங்க, மொட்டைமாடி ஆண்டெனாவுல ஒரே குழாய்லதான் ஒயர் மாட்டியிருக்குது. மத்ததெல்லாம் சும்மாதானுங்களே நிக்குது, கழட்டி எடைக்குப் போட்டுடலாமுங்களா?”

போட்டுடாதீங்க. பாதி வேலை அந்தச் ‘சும்மா’ குழாய்களுடையது.

டிவி, எஃப்.எம். அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால்தான் அங்கிருந்து வரும் ஒலிபரப்பு உடுமலை, பொள்ளாச்சி வரை எட்டுகிறது. குழாயின் நீளம் அலைநீளத்தில் பாதி இருந்தால் மின்னோட்டம் நன்றாக ஆடும். இதெல்லாம் பள்ளிப் பாடம்.

அழகு அதற்கப்புறம்தான். ஒயர் இல்லாத குழாயிலும் அலை மின்னோட்டத்தைத் தூண்டும். அந்தக் குழாயும் ஒரு குட்டி ஒலிபரப்பியாகி அலையைத் திருப்பி வீசும். எப்போது வீசுகிறது என்பதை நீளம் முடிவு செய்கிறது. தூரியை, அதாவது ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தாளத்தில் தள்ளினால், கயிறு குட்டையான தூரி தள்ளுகிற கையோடு ஒட்டி வரும். கயிறு நீளமானது பின்தங்கும். ஒயர் மாட்டிய குழாய்க்குப் பின்னாலுள்ள ரிஃப்ளெக்டர் குழாய் சற்று நீளம், முன்னால் நிலையத்தைப் பார்த்திருக்கும் டைரக்டர் குழாய்கள் சற்றுக் குட்டை. ஒன்று பிந்த, மற்றது முந்த, இடைவெளியும் கணக்காக அமைந்தால், முன்னாலிருந்து வரும் அலைக்கு இவை வீசுவதெல்லாம் நடுக்குழாயில் ஒன்றுகூடும். பின்னாலிருந்து வந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பேட்டரி இல்லை, நகரும் பாகம் இல்லை, வெறும் அளவுநாடா வேலை!

இட்லித் தட்டைக் கட்டினால் படம் தெளியும் என்று நம்பிய வீடுகள் நம்மூரில் ஏராளம். அளவு பொருந்தாத உலோகம் காக்கை உட்காரத்தான் உதவும்.

இந்த ஆண்டெனாவை 1926-ல் ஜப்பானின் செண்டாயில் உருவாக்கியவர்கள் உடா, யாகி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள். சொந்த நாட்டில் சீந்துவாரில்லை. 1942-ல் சிங்கப்பூரில் சிக்கிய பிரிட்டிஷ் ரேடார் குறிப்புகளில் இந்த ஆண்டெனாவின் பெயராக ‘யாகி’ என்றிருந்தது யாரென்று ஜப்பானியப் படைக்கே தெரியவில்லையாம். உடனே லாபம் தராத ஆராய்ச்சிக்குக் காசு எதற்கு என்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் நான் சொல்வேன்.

தூர்தர்ஷன் பழைய தரைவழிக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. இருந்தாலும் குழாய்கள் போதிய நீளமிருந்தால், அவற்றை வெட்டிக் கொடைக்கானலின் ‘கொடை எஃப்.எம்.’முக்கு (100.5 மெகாஹெர்ட்ஸ்) மாற்றலாம்: ரிஃப்ளெக்டர் 1.5 மீட்டர், ஒயர் மாட்டும் குழாய் 1.42, டைரக்டர் 1.35, இடைவெளி சுமார் 60 செ.மீ. தாராபுரத்தில் டைரக்டர் தெற்கே பார்க்கட்டும். பூஸ்டர் வைப்பதானால் கம்பத்திலேயே வையுங்கள். ஒயரில் தேய்ந்து வந்த சிக்னலைக் கீழே பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். நட்டுகளை நன்றாக முடுக்குங்கள், ஆடிக்காற்று திருப்பிவிடும்.